கோப்பேங்கில் உப்புக் குடிக்க வந்த ராஜாக்கள்

பிப்ரவரி 21, வெள்ளி

தாப்பா தாண்டியதும், கோப்பேங் போகும் பஸ்ஸில் குளிர்சாதனம் நின்றது. சற்று நேரத்தில் பஸ்ஸும் நின்றது. நெடுஞ்சாலை ஓரத்தில், மதிய வெயிலில், எல்லோரும் இறங்கித் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓட்டுநர் போனில் யாருடனோ மலாயில் சண்டை போட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கத்து இருக்கையில் வந்த சீனப் பாட்டி, பையிலிருந்து வெட்டிய கொய்யாக்காய்ப் பொட்டலத்தை எடுத்து, மேலே புளிப்பான அசாம் போய்த் தூளைத் தூவி, "மாக்கான், மாக்கான்" என்று ஆளாளுக்கு நீட்டிக்கொண்டே போனார். ஓட்டுநருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் எங்கள் பக்கம் திரும்பி, "மாற்று பஸ் வருது" என்றார்.

அது வந்தபோது மணி மூன்றரை. பயணச்சீட்டுப் பணத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலை எழுத வேண்டாம்.

பேராக் மாநிலத்துக் கோப்பேங் என்றால் ஈயம் என்பார்கள். எங்கள் குடும்பத்துக்கு அது கித்தா என்கிற ரப்பர்க் காடு, பிறகு செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை. அத்தையும் மாமாவும் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள் இடிபட்டபோது ஊருக்குள் ஒரு தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்தவர்கள். தைப்பூசத்தில் பார்த்தபோது அத்தை, "வர்றேன் வர்றேன்னு சொல்லுவ, வரமாட்ட" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். சரி, போய்விடுவோம் என்று தோன்றியது. அப்புறம் இன்னொரு காரணமும் இருந்தது. மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியான ராஜா புரூக்கை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. கோப்பேங்கிலிருந்து மலைப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் உலு கெரோ. அங்கே அது கூட்டமாக இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

செத்ததை மட்டும் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அத்தை வீட்டு ஹாலில், முருகன் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் குண்டூசி குத்தி விரிந்திருக்கும். மாமா இளவட்டமாக இருந்தபோது கேமரன் மலைச் சாலையோரக் கடையில் வாங்கியது. "எட்டு வெள்ளி. அப்ப அது ரெண்டு நாள் சம்பளம்," என்று இன்றைக்கும் சொன்னார். அத்தை இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று அதை ஆற அமரப் பார்த்தேன். சட்டத்தின் ஒரு மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. பின்னால் ஒட்டிய தாள் பழுப்பேறிவிட்டது. பக்கத்திலிருக்கும் கல்யாணப் போட்டோவில் அத்தையின் கூறைப்புடவை என்ன நிறம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் பூச்சியின் பச்சை மட்டும் அப்படியே இருக்கிறது. கரி போன்ற கறுப்பு இறக்கை, அதன் குறுக்கே ரம்பப் பற்களை வரிசையாக வைத்தது மாதிரி முக்கோண முக்கோணமாகப் பச்சை. காரணம், அது சாயமே இல்லை. இறக்கைச் செதில்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது பச்சையாகத் தெரிகிறது. சாயம் வெளுக்கும், அடுக்கு வெளுக்காது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வு இந்த ஆண் பூச்சியின் இறக்கையை மட்டுமே எடுத்துக்கொண்டு அலசியிருக்கிறது. பச்சைச் செதில்கள் நன்றாக வளைந்திருப்பதையும், அவை ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல் ஒரே திசைக்குத் திருப்பி அடிப்பதையும் அதில் விளக்கியிருக்கிறார்கள். சட்டத்தைக் கழற்றி ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்த்தேன். ஒரு கோணத்தில் கண்ணைக் கூசியது. இம்மி நகர்த்தியதும் வெறும் கறுப்பு.

"கீழ போட்டுறாத," என்றார் மாமா.

இரவுச் சாப்பாடு: கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, ரசம், நெத்திலியோடு பெட்டாய் சம்பல். நள்ளிரவுக்கு மேல் மழை.

பிப்ரவரி 22, சனி

பசியாற மாமா என்னை ஓர் ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போனார். தோசையும் ரொட்டி சானாயும் போடும் கடை. இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக், மாமாவுக்கு ஒரு கோப்பி ஓ, மொத்தம் 7 வெள்ளி 20 காசு. கிள்ளானில் இந்த விலைக்கு ரொட்டியும் தேநீரும் எனக்கு மட்டும்தான் கிடைக்கும். கடைக்காரம்மா, "யாரு, கிள்ளான்காரவுங்களா?" என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே கேட்டார். அத்தை நேற்றே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எதற்கு வந்தேன் என்பதும் தெரிந்திருந்தது. "பூச்சி பாக்கவா கிள்ளான்லருந்து வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் உலு கெரோவுக்குப் போனதே இல்லையாம். டுரியான் பருவத்தில் பழம் கீழே வரும், வாங்கிக்கொள்வோம் என்றார்.

மாமாவின் பழைய கஞ்சில் காரில் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் செம்பனை, பிறகு கொஞ்சம் பால்மரம், பிறகு டுரியான் தோப்புகள். சாலை குறுகிக்கொண்டே மேலேறுகிறது. எதிரே லோரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். இன்று போனது நாங்கள். உலு கெரோ செமாய் மக்களின் ஊர். தீபகற்பத்துப் பூர்வக்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய பிரிவு அவர்கள்தான். ஊர் இளைஞர்களே காட்டுக்குள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். எங்களோடு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ரப்பர் சப்பாத்து, தோளில் ஒரு பாராங் கத்தி. வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெயில் இல்லை. அது இறங்காது. வேண்டுமானால் பூவைப் பாருங்கள், நாளைக்கு வாருங்கள்," என்று மலாயில் சொன்னார். முதலில் காசை வாங்கிக்கொண்டு பிறகு கையை விரிக்கும் ஆட்களை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கிறேன். இவர் எதுவும் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

பூ என்றால் ரஃப்ளேசியா. அதுவும் மொட்டாகத்தான் இருந்தது. முட்டைக்கோசு அளவில், தரையோடு ஒட்டிக்கொண்டு, அழுக்குப் பழுப்பில். மலர்ந்தால் சில நாள்தான், அதற்குள் வந்தவருக்கு அதிர்ஷ்டம். எனக்கு இல்லை. அட்டைகள் மட்டும் தாராளமாகக் கிடைத்தன. மாமா, பால் வெட்டிய காலத்துப் பழக்கத்தில், புகையிலையைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் காலுறையில் தடவிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் தடவச் சொன்னார். அந்த நாற்றத்துக்குப் பயந்து வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோது அவருக்கு ஒன்றுமில்லை. என் இரண்டு கணுக்காலிலும் இரத்தம் நிற்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி மழை. அத்தை மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொண்டுவந்து வைத்தார். பூச்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. "எனக்கு வண்ணத்துப்பூச்சியத் தெரியாது. என் வேலையத் தின்ன பூச்சியத்தான் தெரியும்," என்றார்.

இந்தக் கதை எனக்குப் புதிது. பதினெட்டு வயதில் அத்தை செம்பனைக்கு மகரந்தம் போடும் வேலையில் இருந்தாராம். செம்பனையில் ஆண் பூங்கொத்து தனி, பெண் பூங்கொத்து தனி. ஆண் பூவிலிருந்து தூளை உதிர்த்து, காயவைத்து, டால்கம் மாவோடு கலந்து, ஒரு பீச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவைத் தேடி ஊத வேண்டும். பூ விரிந்திருக்கும் இரண்டு மூன்று நாளைத் தவறவிட்டால் காய் பிடிக்காது. ஓலை மட்டை முள் கையைக் கிழிக்கும். ஆனாலும் அது பிடித்த வேலை என்றார். "வெள்ளையா மாவு முகமெல்லாம் ஒட்டியிருக்கும். பொம்பளைங்கெல்லாம் பவுடர் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறாளுவன்னு மண்டோர் (மேற்பார்வையாளர்) கிண்டல் பண்ணுவாரு."

1981 இல் ஆப்பிரிக்காவில் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். செம்பனையின் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. அங்கே அதன் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது இந்த வண்டுதான். மரம் மட்டும் கப்பலேறி வந்தது, வண்டு வரவில்லை. பல பத்தாண்டுகளாக வண்டின் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். வண்டு வந்ததும் காய் தானாகப் பிடித்தது, ஊதும் வேலை போய்விட்டது. அத்தையை மருந்து அடிக்கும் கும்பலுக்கு மாற்றினார்கள். முதுகில் பீச்சுக்குழாய் கட்டிக்கொண்டு, மரத்தடியில் புல், பூண்டு, கொடி எல்லாவற்றையும் கருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதிகம் அடித்தது பராகுவாட் என்ற களைக்கொல்லி. மலேசியாவில் அதை முழுசாகத் தடை செய்ததே 2020 இல்தான். அத்தையின் வலது கைக் கட்டைவிரல் நகம் இன்னமும் கோணல்தான்.

"கொடின்னு எதக் கண்டாலும் அடிச்சிருவோம். கொடி மேல ஏறுச்சின்னா காய் வெட்டுறவனுக்குத் தொல்லை," என்றார். இந்தப் பேச்சு மறுநாள் காட்டில் எனக்குத் திரும்ப நினைவுக்கு வரும் என்று அப்போது தெரியாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். நான் புகையிலைத் தண்ணீரை வாயைத் திறக்காமல் தடவிக்கொண்டேன்.

அதே தம்பிதான் வந்தார். ஊரைத் தாண்டி, ஓடை ஓரமாக நடந்தால், மரங்கள் விலகி வெயில் விழும் ஓர் இடத்தில் சேற்றுத் திட்டு இருக்கிறது. மண்ணிலிருந்து உப்பு ஊறும் இடம். ஒன்பதரைக்கு ஒன்றுமில்லை. பத்துக்கு ஒன்று வந்தது. அது வந்த விதம்தான் எனக்கு எதிர்பாராதது. வண்ணத்துப்பூச்சி என்றால் படபடவென்று அடித்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். இது மரத்து உயரத்திலிருந்து இறக்கையை நீட்டிப்பிடித்து, நிதானமாக, வௌவாலா குருவியா என்று சந்தேகப்படும்படி சறுக்கிக்கொண்டு இறங்கியது. விரித்தால் 15 முதல் 17 செண்டிமீட்டர். ஒவ்வொரு அடிப்புக்கும் பச்சை பளீரென்று எரிந்து அணைகிறது. ஜன்னலோரம் சட்டத்தைச் சாய்த்தபோது தெரிந்த அதே சங்கதிதான், ஆனால் இது தானாகச் சாய்கிறது. கறுப்பாக இருக்கும் கணத்தில் நிழலோடு நிழலாகிவிடுவதால், கண் அதைத் தவறவிட்டுத் தவறவிட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பறவை இதைத் துரத்தினால் அதற்கும் இதே பாடுதான் என்று நினைக்கிறேன்.

பதினொரு மணிக்குள் திட்டு நிறைந்துவிட்டது. எண்ணவில்லை. எண்ண விடவும் இல்லை. ஒன்று எழுந்தால் பக்கத்திலிருக்கும் பத்து எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்துக்கே திரும்ப வரும். மண்டியிட்டு ஒரு முழத் தூரத்திலிருந்து பார்த்தேன். தலைக்குக் கீழே கழுத்தைச் சுற்றி இரத்தச் சிவப்பில் ரோமப் பட்டை, மார்பின் பக்கவாட்டிலும் அதே சிவப்பு. அந்தச் சிவப்பு ரோமம் புறஊதா ஒளியையும் திருப்பி அனுப்புகிறதாம். நம் கண்ணுக்கு அது தெரியாது, பூச்சிகளின் கண்ணுக்குத் தெரியும். இறக்கையின் அடிப்பக்கம் கரும்பழுப்பு, பின் இறக்கையில் மட்டும் சின்னச் சின்னதாக வெள்ளையும் நீலமும் பச்சையும். மேலே அவ்வளவு ஆடம்பரம் செய்தவர்கள் கீழே சிக்கனம் பிடித்திருக்கிறார்கள்.

உறிஞ்சுகுழல் சேற்றில் இறங்கியிருக்கிறது, வயிற்று நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் பீச்சுகிறது. குடிப்பதும் கழிப்பதும் ஒரே நேரத்தில். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம கள்ளுக்கடையில பாத்திருக்கேன்," என்றார். அதற்குத் தண்ணீர் தேவையில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான் தேவை. தேனில் இனிப்பு உண்டு, சோடியம் போதாது. புழுவாக இருந்தபோது தின்ற இலையிலும் அது குறைவு. ஆகவே சேற்று நீரைக் குடம் குடமாக உள்ளே இழுத்து, உப்பை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை வெளியேற்றுகிறது.

இத்தனையும் ஆண்கள். ஒரு பெண் பூச்சிகூட இல்லை. தம்பி இத்தனை வருடத்தில் கீழே இறங்கிய பெண் பூச்சியை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். பெண் பூச்சி காட்டின் உச்சியிலேயே, பூக்களைத் தேடிக்கொண்டு இருக்கும். நிறம் பழுப்பு கலந்தது, பச்சை மங்கல், முன் இறக்கை நுனியில் வெள்ளை. இந்த மாதிரி சேற்றுக்கு வரும் இனங்கள் பலவற்றில், ஆண் சேர்த்த உப்பு கலவியின்போது விந்துப் பொதியோடு பெண்ணுக்குப் போய், முட்டை வரை சேருகிறது. அதாவது, நாம் போட்டோவில் பார்த்து வாயைப் பிளக்கும் கூட்டம் முழுவதும் சம்பளம் வாங்கப் போன ஆண்பிள்ளைகள். வீடும் குடும்பமும் மேலே.

பதினொன்றரைக்குப் பட்டணத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நல்ல மனிதர்கள்தான், எங்களுக்கு மிக்சர் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒருவருக்கு உட்கார்ந்திருக்கும் பூச்சி போதவில்லை, பறக்கும் பூச்சி வேண்டும். படார் படாரென்று கை தட்டினார். கூட்டம் எழுந்தது, அவர் வீடியோ எடுத்தார். மறுபடி உட்கார்ந்ததும் மறுபடி தட்டினார். தம்பி ஒன்றும் சொல்லாமல் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகு மெதுவாக, "அபாங் (அண்ணா), அதற்குச் சாப்பாட்டு நேரம்," என்றார். அந்த ஆள் கையைப் பையில் விட்டுக்கொண்டார். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

திரும்பும் வழியில்தான் நான் கேட்டேன்: புழு எதைத் தின்கிறது? தம்பி பாதையை விட்டு விலகி, மேட்டில் ஏறி, ஒரு மரத்தைச் சுற்றி மேலே போகும் கொடியைக் காட்டினார். இதய வடிவ இலை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. நான் போட்டோ எடுத்தேன், அதுவும் மங்கலாக வந்திருக்கிறது. மாமாதான் கிட்டப் போய் இலையைத் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, இது பெருமருந்துக் கொடி சாதி மாதிரி இருக்கே," என்றார். அவருடைய ஆத்தா ஊரிலிருந்து வந்தபோது வேரைக் காயவைத்துச் சேலை முடிச்சில் கொண்டுவந்தாராம், பாம்புக் கடிக்கு. மாமா சொன்னது சரி. பெருமருந்து என்கிற ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை, இந்தக் காட்டுக் கொடி எல்லாமே அரிஸ்டோலோக்கியா என்ற ஒரே பேரினத்துக்குள் வருபவை. ஆடு தீண்டாது என்பது சும்மா வந்த பெயரில்லை. இந்தச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த நஞ்சு. பாட்டி வைத்தியம் என்று யாரும் வேரைத் தேடிக் கிளம்ப வேண்டாம். ராஜா புரூக்கின் புழு இதைத் தவிர வேறு எதையும் தின்னாது. தின்ற நஞ்சை உடம்பில் தேக்கி வைத்துக்கொண்டு, இறக்கை முளைத்த பிறகும் சுமக்கிறது. கழுத்தில் இருக்கும் சிவப்பு அந்தச் சேதியைத்தான் பறவைகளுக்குச் சொல்கிறது.

ஆக, கொடி இல்லையென்றால் பூச்சி இல்லை. கொடிக்கு நிழலும், ஏறிப் போக மரமும், அழியாத காடும் வேண்டும். செம்பனைக் காட்டில் அது ஏன் இருக்காது என்பதை அத்தை நேற்றே, கிழங்கைத் தின்றுகொண்டே, சொல்லி முடித்துவிட்டார். ராஜா புரூக்கை விற்பதைத் தடுக்கச் சட்டங்கள் உண்டு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. மாமா வாங்கியது போன்ற கண்ணாடிச் சட்ட வியாபாரத்துக்கு இது ஒரு பூட்டு. ஆனால் என் கண்ணுக்குப் பட்ட வரையில், பூச்சிக்கு இருக்கிற பாதுகாப்பில் பாதிகூட அந்தக் கொடிக்கு இல்லை. போட்டோ எடுக்க வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைப் பார்ப்பதில்லை, அப்படியே திரும்பிப் போகிறோம். செமாய் ஊர்க்காரர்களுக்கு மட்டும் அது எந்த மேட்டில் இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

சரவாக் ராஜாவின் பெயர் இதற்கு எப்படி வந்தது என்று மாமா காரில் கேட்டார். 1855 இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் வைத்த பெயர். அவர் அப்போது சரவாக்கில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்தார். அங்கே ராஜாவாக இருந்த ஜேம்ஸ் புரூக் அவருக்கு வேண்டியவர். போர்னியோ, சுமத்ரா, நம் தீபகற்பம் மூன்றிலும் இந்த இனம் உண்டு. "அப்ப பேராக் சுல்தான் பேர வெச்சிருக்கலாம்," என்றார் மாமா.

மாலையில் அத்தைக்கு வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை பார்த்தார். "பொம்பளப் பூச்சி எது?" என்றார். அது மரத்து மேலேயே இருக்கும், கீழே வராது, உப்பை ஆம்பிளைதான் சேர்த்துக்கொண்டு போய்க் கொடுக்கிறான் என்று விளக்கினேன்.

மாமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கொடுத்து வெச்சவ," என்றார்.

பிப்ரவரி 24, திங்கள்

மாலை நாலு மணிக்கு பஸ். அதற்குள் மாமா தன் பழைய தோட்டத்தைக் காட்ட அழைத்துப் போனார். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைக் கன்றுகள். கோயில் மட்டும் நிற்கிறது, வருடத்துக்கு ஒரு திருவிழா நடக்கிறது. வெயில் ஓலைக்குள் இறங்காமல் பச்சை இருட்டாக இருந்தது. பூச்சியே இல்லாத இடம் என்று நினைத்தால், காலடியில் ஏதோ ஒரு சருகு எழுந்து பறந்து, அடுத்த மட்டையில் சருகாகவே உட்கார்ந்தது. பனை ஓலையைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சி. பழுப்பு அடிப்பக்கம், மேல்பக்கம் கறுப்பில் நீல மினுக்கு. இதன் புழுவுக்குத் தென்னை, பாக்கு, செம்பனை எதுவானாலும் சரி. மாமா ஓர் ஓலையைத் திருப்பிக் காட்டினார்: பச்சைப் புழு, மஞ்சள் கோடு, தலையில் இரண்டு குட்டிக் கொம்பு. "இதெல்லாம் பூச்சின்னு நாங்க கணக்குல சேக்கறதே இல்ல," என்றார். கொடியை மட்டும் நம்பி இருக்கும் ராஜாவை விட இதன் பிழைப்பு எவ்வளவோ மேல். யாரும் போட்டோவும் எடுப்பதில்லை.

அங்கிருந்து பத்து காஜா சாலையில் கெல்லி கோட்டை. கட்டி முடிக்காமலே ஸ்காட்லாந்துக்காரர் கெல்லி ஸ்மித் 1926 இல் இறந்துபோனார். கோட்டைக்கு நல்ல கூட்டம். எங்களுக்குக் கோட்டையை விடக் கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயில்தான் முக்கியம். 1918 காய்ச்சலில் வேலையாட்கள் கொத்துக் கொத்தாக இறந்தபோது, கோயில் கட்டித் தரும்படி மற்றவர்கள் கேட்க, துரை கட்டிக்கொடுத்ததாகச் சொல்வார்கள். சுதைச் சிற்பங்களுக்கு நடுவே தொப்பி வைத்த துரை ஒருவர் நிற்கிறார். மாமா சாமிகளுக்கெல்லாம் கும்பிட்டுவிட்டு, துரைக்கு மட்டும் கையை இறக்கிக்கொண்டார். வழக்கம் என்றார்.

பஸ்ஸுக்கு முன் ஹியோங் பியா வாங்கினேன். மெல்லிய மாவு ஓட்டுக்குள் மால்டோஸ் பாகு, சின்ன வெங்காய மணம். சுடச்சுடத் தின்றால் பாகு பல்லில் ஒட்டிக்கொண்டு வராது. ஆறினால் தாடை வலிக்கும். பொட்டலம் 9 வெள்ளி. கடைக்காரர் ஒன்று உடைந்திருக்கிறது என்று இன்னொன்றைச் சும்மா போட்டார்.

போகிறவர்களுக்கு: முந்தின இரவு மழை பெய்திருந்தாலும் பரவாயில்லை, காலையில் வெயில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் போதும். ஊர்க்கார வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போக வேண்டாம். புகையிலைத் தண்ணீர் நாறும், ஆனாலும் தடவிக்கொள்ளுங்கள். கை தட்டாதீர்கள். வரும் வழியில் அந்தக் கொடியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; கேட்டால்தான் காட்டுவார்கள், யாரும் கேட்பதில்லையாம்.

ஹியோங் பியா தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு என்று வாங்கிய இரண்டாவது பொட்டலமும் பிரிந்துதான் வந்து சேர்ந்தது.